மழைச்சோற்றில் உப்பு

வேலங்காட்டுப்புதூரில் சின்னுசாமிக் கவுண்டர் கிணற்றுக்குப் போன யாரும் வெறுங்குடத்தோடு திரும்பியதில்லை. ஊர்தான் இதைச் சொல்லும். கவுண்டர் தம் வாயால் சொன்னதில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகை வளைக்காமல் அவர் தெருவில் நடக்கும் நடையிலேயே அந்தச் செய்தி இருந்தது.

எண்பத்தேழாம் வருசம் அந்த நடைக்குச் சோதனை வந்தது. முந்தின ஐப்பசி பொய்த்தது. சித்திரை மழையும் ஏய்த்துவிட்டது. ஆடி பிறந்தும் வானம் புளிபோட்டு விளக்கிய தாம்பாளம் மாதிரிக் கிடந்தது. மேலக்காட்டில் ஊன்றிய மரவள்ளிக் குச்சிகள் துளிர்க்காமலே சுள்ளியாகி அடுப்புக்குப் போயின. மேச்சேரி ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பட்டியைச் சாத்தினார்கள். இளவட்டங்கள் நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பஞ்ச நிவாரணத்துக்கு மண் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டர் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதுவும் அடிமட்டத்தில், பாறையில் வெட்டிய இரண்டு குழிகளில்தான். கிழக்குக் குழியில் இடுக்கிலிருந்து ஊற்று கசிந்தது. அது மனிதர் குடிக்க. மேற்குக் குழியில் கலங்கல் தேங்கிக் கிடந்தது, அது மாட்டுக்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குக் கரும்பாறை. வாலிபத்தில், பாட்டன் வெட்டிய கிணற்றை ஆழப்படுத்தியபோது அந்தப் பாறையை உளி பிடித்து உடைத்தவர்களில் கவுண்டரும் ஒருவர். எந்த இடுக்கு எங்கே போகிறது என்று தம் கைரேகையைப் போலத் தெரியும் என்று நம்பினார்.

அந்தப் படிகளில் இறங்கித்தான் அவர் மனைவி ஆத்தாயி வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். தாயைப் பார்த்துக்கொள்ள மகள் செல்லாயி வந்து சேர்ந்தாள்.

செல்லாயி அவர்களுக்கு ஒரே பிள்ளை. கடற்கரையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வயதுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க, இவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் போய்க் கடல் தண்ணீரை மொண்டு வருகிறாள் என்பது ஊருக்குத் தெரியும். கவுண்டர் முன்னால் அதை யாரும் பேசுவதில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பாசி புடிக்கற புள்ளை என்று பெயர்.

வரும்போது அவள் ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு கண்ணாடிக் குப்பிகள் கொண்டுவந்திருந்தாள். வாயில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே தேத்தண்ணி நிறத்தில் ஏதோ இருந்தது. வடக்கு அறை ஜன்னலோரம் வைத்து, காலையும் மாலையும் குலுக்கிவிட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டிய தண்ணீரைப் பிடித்துவைத்துச் சாக்கை நனைத்தாள்.

கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த ஆத்தாயி கேட்டாள்: "இதென்ன சாமி, மருந்தா?"

"பாசிம்மா. கடல் பாசி. அங்கெ உட்டுட்டு வந்தாப் பாத்துக்க ஆளில்லை."

"ஊர்ல அவனவன் மாடு கன்னைப் பாத்துக்க ஆளில்லாம அலையறான். உனக்குப் பாசிக்கு ஆளில்லையா?" ஆத்தாயி சிரிக்கப் போய்க் கால் வலித்து முகத்தைச் சுளித்தாள். "அதுக்கு என்ன போடறே, தவிடா, புண்ணாக்கா?"

"வெளிச்சந்தாம்மா. அதையே தின்னு பொழைச்சுக்கும்."

"நெசமாலும் நல்ல சீவன்தான். நம்ம எருமையும் அப்படி இருந்தா எத்தனை நல்லா இருக்கும்."

கவுண்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகளின் படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. தெரியாததைக் கேட்பது அவர் பழக்கத்தில் இல்லை. ஆனால் ஒறம்பரை யாராவது வந்தால், "அம்முணி டாக்டருக்குப் படிக்குது, கடல் டாக்டர்" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

ஆடி மூன்றாம் வாரத்தில் சென்னியம்மாள் வந்தாள். கவுண்டருக்குப் பங்காளியான நாச்சிமுத்துவின் மனைவி. நாச்சிமுத்து கோழிப் பண்ணை வைத்திருந்தார். திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியைக் கொண்டுவந்து பாறையைத் துளைத்துப் போர் போட்டுக்கொண்டவர். கோழிக்குப் போக மிஞ்சினால் ஊருக்கும் குழாயைத் திறந்துவிடுவார். கவுண்டர் வீட்டு ஆட்கள் அங்கே குடம் கொண்டுபோனதில்லை.

"ஏனுங் மாமா," என்றாள் சென்னியம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "வர்ற வெள்ளிக்கெழமை மழைச்சோறு எடுக்கலாமுன்னு பொம்பளைங்க பேசிக்கிட்டமுங்க. மொதச் சோறு உங்க ஊட்டுது. கஞ்சி காச்ச உங்க கெணத்துத் தண்ணிதான் வேணும்."

"எப்பவும் அப்படித்தானே," என்றார் கவுண்டர்.

மழை அறவே இல்லாமல் போனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் செய்கிற காரியம் அது. அழைக்காத வீடுகளுக்கும் பானையோடு போய்ச் சோறும் மாவும் இரந்து வாங்கி, மாரியம்மன் கோயில் முன்னால் ஒன்றாகப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். அதில் உப்பு படக்கூடாது. உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டு, இனி இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று மாரடித்து அழுதுகொண்டு ஊரை விட்டுப் புறப்படுவார்கள். எல்லைக்கல்வரை போவார்கள். ஆண்கள் பின்னாலேயே போய், மழை வரும், திரும்பி வாருங்கள் என்று அழைத்து வரவேண்டும். அந்த அழைப்புச் சொல் கவுண்டர் வீட்டுக்கு உரியது. அவர் அப்பாவும் அழைத்திருக்கிறார். "திரும்பி வாங்க தாயிகளா, மழை வரும், அதுவரைக்கும் என்ற கெணத்துல தண்ணி இருக்குது" என்று சொல்வதுதான் முறை.

சென்னியம்மாள் செல்லாயி பக்கம் திரும்பினாள். "அம்முணி, நீயும் வா சாமி. கட்டாத புள்ளைங்க கை பட்டா அம்மன் மனசு எறங்குவாளாமா."

"வாரேன் சின்னம்மா. ஆனா மழை இங்கிருந்து கெளம்பறதில்லை."

"பின்னெ?"

செல்லாயி அந்தக் குப்பியில் ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். கடல் மேலே கண்ணுக்குத் தெரியாத பாசி மிதக்கிறது, அதிலிருந்து ஒரு வாயு கிளம்பி மேலே போகிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே மேகமே உண்டாகிறது என்றாள். சென்னியம்மாள் மோவாயில் கைவைத்துக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பாசி காத்துப் பிரிஞ்சாத்தான் எங்கூட்டுக் கூரையில சொட்டு உழுகுமா?"

"ஏறக்குறைய அப்படித்தான் சின்னம்மா," என்று செல்லாயியும் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு மறுநாள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தம்ளர் கைக்கு வந்த நேரத்தில் நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, நம்ம புள்ளைகிட்டச் சொல்லி அந்தப் பாசிக்கு ரெண்டு படி மொச்சைக்கொட்டை அவிச்சுப் போடச் சொல்லுங்க. வாயு நல்லாச் சேந்துதுன்னா மழை கெட்டியாப் பேயும்."

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்கூடக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பின்னாலிருந்து ஒரு குரல், "கட்டிக்குடுக்கற வயசுல கடலுக்கு அனுப்புனா, புள்ளை பாசியைத்தான் கட்டிக்கும்" என்றது. யார் என்று கவுண்டர் திரும்பிப் பார்க்கவில்லை. குடிக்காத தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"என்ற புள்ளை சொன்னாச் சொன்னதுதான்," என்றார். "நீ கோழி முட்டையை எண்ணிக்கிட்டிரு."

வீடு வரும்வரை எதிரில் வந்த யாரையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏழு தலைமுறையாக இந்த ஊரில் அவர் வீட்டுச் சொல்லுக்கு யாரும் சிரித்ததில்லை. நிலம் காயட்டும், மாடு சாகட்டும், அது காலம் செய்கிறது. சொல்லுக்குச் சிரித்தால் அதை யார்மேல் போடுவது?

அன்று பொழுது சாயும் நேரத்தில், மகள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது, வாழ்நாளில் முதல்முறையாக அவர் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

"அந்தப் பாசி விசயத்தை முழுசாச் சொல்லு."

செல்லாயி முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா கேட்டதில் அவள் முகம் மலர்ந்ததை அவர் கவனித்தார்.

"நடுக்கடல்ல காத்து நெம்பச் சுத்தமப்பா. நம்மூருப் புழுதி, பொகை ஒண்ணும் அங்க இருக்காது. நீராவி எத்தனை மேல போனாலும், ஒட்டிக்க ஒரு தூசு இல்லாமத் துளியாக மாட்டேங்குது. அந்தத் தூசுக்கு மூலம் பாசிதான். அது சாவறப்பவும், சின்னப் பூச்சிங்க அதைத் திங்கறப்பவும், கந்தக வாயு ஒண்ணு வெளிய வருது. கடக்கரையில ஒரு வாசம் அடிக்கும் பாருங்க, அதுல அதுவும் ஒண்ணு. மேல போயி வெயில்ல மாறித் தூசாயிரும். அதைச் சுத்தித்தான் துளி. பால் எத்தனை இருந்தாலும் உறை மோர் ஊத்தாமத் தயிராகுமா? அப்படித்தான்."

"இது மெய்யா?"

"வெளிநாட்டுல இந்த வருசந்தான் எழுதியிருக்கறாங்க. மேகம் எச்சாச்சுன்னா வெயில் மறைஞ்சு ஒலகமே கொஞ்சம் குளுந்துக்கும்னுகூடச் சொல்றாங்க. அது இன்னும் ருசுவாகலை. வாயு இருக்கறது மெய்தான். நாங்களே அளந்து பாத்தமப்பா."

"அளந்தீங்களே, இருந்துதா?"

"இருந்துது."

அவருக்கு அது போதும். மகள் அளந்து பார்த்திருக்கிறாள். இருந்திருக்கிறது.

"நல்ல தண்ணியில இருக்காதா அது?"

"செத்துப்போகுமுங்க. உப்புல இருந்தாத்தான் பொழைக்கும். உப்பைத் தாங்கறதுக்குன்னே உடம்புக்குள்ள ஒரு சரக்கை உண்டாக்கி வெச்சுக்குது. அந்தச் சரக்குத்தான் பின்னால வாயுவாகுது."

"ஒரு கொடத்துக்கு எத்தனை உப்பு வேணும்?"

"அரைக் கிலோ போட்டாக் கடல் தண்ணியாட்டம் இருக்கும். எதுக்குப்பா?"

"சும்மாத்தான்."

சின்னுசாமிக் கவுண்டர் சும்மா எதையும் கேட்கிறவர் அல்ல. மகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஆத்தாயி தண்ணீருக்குக் கூப்பிட்டாள், அவள் எழுந்து போய்விட்டாள். ஒரு மேகத்துக்கு எத்தனை கடல் வேண்டும் என்பதை அவர் கேட்கவில்லை. ஒரு கரண்டி மோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்குவதை அறுபது வருசமாகப் பார்த்து வந்தவர். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை செல்லாயி தாயை வண்டியில் வைத்து, காலைக் காட்ட நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்களெல்லாம் சாலை வேலைக்குப் போயிருந்தார்கள். உச்சிப் பொழுதில் ஊர் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. மாட்டுக் கட்டுத்தாரை மூலையில் தென்னங்கன்றுக் குழிக்குப் போட வாங்கிய கல்லுப்பு மூட்டை இருந்தது. கன்று வைக்க வழியில்லாமல் அது அப்படியே கிடந்தது. கவுண்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூட்டையைப் பிரித்துக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

படி ஒவ்வொன்றும் முழங்காலைப் பிடித்தது. பாதியில் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்யலாம். ஆனால் ஆள் வைத்தால் பேச்சாகும். மேற்குக் குழியில் உப்பைக் கொட்டினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். மூட்டை தீர்ந்ததும் மூங்கில் கழியால் கலக்கினார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு மேலே போய், வடக்கு அறையிலிருந்து ஒரு குப்பியை, தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுத்துவந்தார். பஞ்சைப் பிடுங்கினார். தேத்தண்ணி நிறத் தண்ணீர் குழியில் விழுந்து ஒரு கணம் மங்கலாய்ச் சுழன்று கரைந்தது.

மகள் செய்வது போலவே தண்ணீரை மெல்ல அலசிவிட்டார்.

"என்ற புள்ளை பேச்சைக் காப்பாத்து," என்றார். அம்மனிடம் கேட்டாரா பாசியிடம் கேட்டாரா என்று அவருக்கே தெரியாது. "அது போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து, வெறும் குப்பியில் அடுப்படியில் ஆறிக்கிடந்த கடுங்காப்பித் தூள் தண்ணீரை அளவாக ஊற்றி, பஞ்சை அடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். ஒரு வெண்துணுக்கு மேற்கே தலைகாட்டியபோது எழுந்து நின்றேவிட்டார். அது பருந்து வட்டம் போடும் நேரத்துக்குள் கரைந்து போயிற்று.

வியாழக்கிழமை தண்ணீர் சேந்தியவர்கள், "என்னமோ ருசி மாறியிருக்குது, அடித்தண்ணி இல்லியா" என்று பேசிக்கொண்டார்கள். கவுண்டர் காதில் அது விழவில்லை. வெள்ளிக்கிழமை காலை செல்லாயி குப்பியைக் குலுக்கினாள். அடியில் தூள் படிந்திருந்தது. பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இந்தக் குப்பியை ஆராச்சும் தொட்டாங்களா?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் அவர், முகம் திருப்பாமல். மகளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

மழைச்சோறு எடுத்துப் பெண்கள் தெருத்தெருவாகப் போனார்கள். முதல் சோறு கவுண்டர் வீட்டில் வாங்கினார்கள். காட்டோரம் குடியிருந்த மாரியாயி, கவுண்டர் தோட்டத்தில் காலங்காலமாகக் கூலி செய்கிறவள், கிழக்குக் குழியில் மொண்டு கோயிலுக்கு நடை நடையாகத் தண்ணீர் சுமந்தாள். கூட்டுக் கஞ்சி கொதித்தது. ஆண்கள் தள்ளி வேப்ப நிழலில் நின்றார்கள். சென்னியம்மாள் கொட்டாங்கச்சியில் முதல் கஞ்சியை வாங்கி, கண்ணை மூடி, வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"உப்புக் கரிக்குது."

இன்னொருத்தி வாங்கிக் குடித்தாள். அவளும் துப்பினாள். பிறகு எல்லாக் கண்ணும் தண்ணீர் சுமந்தவள்மேல் திரும்பின.

"எந்தக் கொடத்துல மொண்டே?" என்றாள் சென்னியம்மாள்.

"சாம்பல் போட்டு வெளக்குன கொடமுங் சாமி."

"கருவாட்டுச் சட்டி தொட்ட கையோட மொண்டியா?"

"கருவாட்டைக் கண்ணுல பாத்தே மாசக்கணக்காச்சுங் சாமி. எங்கூட்டுல உப்பே இல்லீங்களே."

"அப்ப இந்த உப்பு வானத்துல இருந்து உழுந்துதா? மழைச்சோத்துல உப்புப் பட்டா மழை இந்தத் தெசைக்கே தலைவெச்சுப் படுக்காதுன்னு தெரியுமில்லை? ஊரையே கொன்னுபோட்டியேடி."

யாரோ மாரியாயி கையிலிருந்த குடத்தைத் தட்டிவிட்டார்கள். மண்குடம் உடைந்தது. இனி இவளை அந்தக் கிணற்றில் இறங்க விடக்கூடாது என்று ஒரு குரல் எழுந்தது. அவள் பிள்ளைகளையும் விடக்கூடாது என்றது இன்னொரு குரல். மாரியாயி உடைந்த ஓடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அழாமல், ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கவுண்டர் நிழலில் நின்றார். இரண்டு குழிக்கும் நடுவில் இருந்தது கரும்பாறை. அவர் உடைத்த பாறை. அதில் இடுக்கு இல்லை. இல்லையென்றே முப்பது வருசம் சொல்லி வந்தார். சொல்ல வேண்டியதுதான், ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு தெருவில் எப்படி நடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

செல்லாயி குனிந்து பானைக் கஞ்சியை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். தலை நிமிர்ந்து, வேப்ப நிழலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்க்கவில்லை. ஒரு பார்வைதான்.

"மாரியாயியை உடுங்க சின்னம்மா. நான்தான்."

"என்னது?"

"மேக்குக் குழியில என்ற பாசிக்கு உப்புப் போட்டேன். கெழக்குக்கு ஏறும்னு நெனைக்கலை."

சென்னியம்மாள் கொட்டாங்கச்சியை மண்ணில் எறிந்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். மற்றப் பெண்களும் அடித்துக்கொண்டார்கள். பஞ்சம் வரும்போதெல்லாம் சடங்குக்கு அழுகிற அழுகை அன்று நிஜமான அழுகையாக மாறிற்று. பானையை அப்படியே விட்டுவிட்டு, கைப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தலைவிரி கோலமாக எல்லைக்கல்லை நோக்கி நடந்தார்கள்.

ஆண்கள் பின்னால் போனார்கள். முன்னால் கவுண்டர். அழைப்புச் சொல் அவர் வீட்டுடையது.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நின்றார்கள். கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டினார். அந்த ஒரு நாள் மட்டும் ஊர்ப் பெண்களுக்கு முன்னால் அவர் வீட்டு ஆம்பிளை துண்டை இறக்குவது வழக்கம்.

"திரும்பி வாங்க தாயிகளா," என்றார். "மழை வரும். அதுவரைக்கும் என்ற கெணத்துல..."

அங்கே நின்றுவிட்டது.

"உங்க கெணத்துல என்ன மாமா இருக்குது?" என்றாள் சென்னியம்மாள். அவள் குரலில் குத்தல் இல்லை. "நாங்க எதை நம்பித் திரும்பறது? ஊருத் தண்ணியைக் கெடுத்தவ உள்ள இருக்கறப்ப எந்த மழை வரும்? அம்முணி எல்லை தாண்டட்டும். நாங்க வாரோம்."

"அவ இல்லை," என்றார் கவுண்டர். "உப்புப் போட்டது நான்."

அவர் சத்தத்தை உயர்த்தினார். "காதுல உழுந்துதா? தென்னைக்கு வெச்சிருந்த உப்பு. நான்தான் தலையில சுமந்து எறங்குனேன். மேகம் வரும்னு போட்டேன். அவளுக்குத் தெரியாது."

நாச்சிமுத்து கிட்டே வந்து அவர் கையைப் பிடித்தார். டீக்கடையில் சிரித்த நாச்சிமுத்துவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"போதுமுங்ணா. நீங்க புள்ளைக்காகப் பொய் சொல்லி, அதை நாங்க நின்னு கேக்கோணுமா?"

"பொய்யில்லைடா."

"உங்களை எங்களுக்குத் தெரியாதுங்களா? பாட்டன் காலத்துக் கெணத்துல நீங்க உப்பைக் கொட்டுவீங்களா? கொட்டறவர் ஊட்டு வாசல்ல நாங்க இத்தனை வருசம் தண்ணி குடிச்சிருப்பமா?"

"மாரியாத்தா மேல ஆணை."

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. ஒரு பெண், "இப்பேர்ப்பட்ட மனுசன் வாயில பொய்ச் சத்தியம் வர வெச்சுட்டாளே அந்தப் பாவி" என்று சொல்லிக் காறித் துப்பினாள். கவுண்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் அவர்மேல் மரியாதை இருந்தது. முன்னைவிட அதிகமாக இருந்தது. அந்த மரியாதையைத் தாண்டி அவர் சொல் ஒரு முகத்துக்குள்ளும் நுழையவில்லை.

செல்லாயி பின்னாலிருந்து வந்து அவர் தோளைத் தொட்டாள். "உடுங்கப்பா. நான் போறேன்."

மாலைப் பேருந்துக்கு அவர் அவளோடு சாலைவரை நடந்தார். மிஞ்சியிருந்த ஒரு குப்பியை அவள் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் கொல்லிமலை நீலமாய்க் கிடந்தது. அதன்மேலும் மேகம் இல்லை.

"ஏன் சாமி சொன்னே? நான் சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களாப்பா?"

ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

"எனக்கு இந்த ஊர்ல இருந்து ஆகறது ஒண்ணுமில்லை," என்றாள் அவள். "நீங்க இங்கதானே இருக்கோணும். அம்மாவும் இருக்கோணும்."

"அந்தப் பாசி வளந்திருக்குமா?"

"இல்லீங்கப்பா. இந்தச் சூட்டுக்கு மறுநாளே செத்திருக்கும்."

"செத்தாத்தான் வாயு வருமுன்னு சொன்னியே."

செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கவுண்டருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கைநீட்டி, அப்பாவின் தோளில் கோணியிருந்த துண்டைச் சரிசெய்துவிட்டாள். வண்டி கிளம்பிற்று.

ஊருக்குள் பெண்கள் திரும்பி வந்திருந்தார்கள்.

கிணற்றில் இனி குடிக்க ஒன்றும் இல்லை. இறைத்து ஊற்றிவிட்டு, புது ஊற்று கசிந்து உப்பு கழிகிறவரை காத்திருக்க வேண்டும். ஊற்று கசிய மழை வேண்டும். வீட்டில் ஆத்தாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் காலை அடுப்பில் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. கவுண்டர் அடுப்படிக்குப் போய்க் குடத்தை எடுத்தார். அவர் கையில் குடத்தைப் பார்த்து ஆத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

நாச்சிமுத்துவின் கோழிப் பண்ணைக் குழாயடியில் வரிசை வேலியைச் சுற்றி வளைந்து நின்றது. கவுண்டர் போய்க் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் மாரியாயி, கடன்வாங்கிய அலுமினியக் குடத்தோடு. திரும்பிப் பார்த்தவள் சட்டென்று ஒதுங்கினாள். அவர் நகரவில்லை.

"மாரியாயி," என்றார் மெல்ல. "நீயாச்சும் நம்பறியா?"

அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "புதன்கெழமை எனக்கு ஒடம்பு சரியில்லீங் சாமி, வேலைக்குப் போகலை. நீங்க கூடையோட எறங்குனதைப் பாத்தனுங்க."

கவுண்டர் அவள் பக்கம் குனிந்தார். "அப்பச் சொல்லு. எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க. சொல்லு."

"அம்முணி பஸ்ஸுக்குப் போறதுக்கு முந்தி எங்கூட்டுக்கு வந்துதுங்க. நான் பாத்ததைச் சொன்னதும், ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருச்சுங்க. என்ற உசுரை மீட்டுக்குடுத்த புள்ளைங்க அது. அந்தச் சத்தியத்தை எப்படிங் சாமி மீறுவேன்?"

பிறகு அவள் முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "கவுண்டரு வந்திருக்கறாருங்க. வழி உடுங்க."

வரிசை திரும்பியது. குடங்கள் இடுப்பிலிருந்து இறங்கின. சென்னியம்மாள் குழாயடியிலிருந்த தன் அண்டாவை நகர்த்தினாள். "நீங்க எதுக்குங் மாமா கடைசியில நிக்கறீங்க, முன்னால வாங்க" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சொல்ல, ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட்டது.

"நான் இங்கயே நிக்கறேன்," என்றார் கவுண்டர்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கையிலிருந்த குடத்தை யாரோ வாங்கிக் கொண்டுபோய்க் குழாய்க்குக் கீழே வைத்தார்கள். அது நிரம்பும்வரை, அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு அவர் நின்றார்.